பலர் கூடி ஒருவரோடு ஆடும் சதுரங்கம்: மலையகத்து இணைய அணிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நானுஓயா ஆகிய பகுதிகளின் தோட்டப் பாடசாலைகளிலும் நகரப் பாடசாலைகளிலும் கற்றுக்கொண்டு, கைப்பேசி வழியாகச் சதுரங்கம் ஆடும் மாணவ மாணவியருக்கு,

இம்மடல் முன்வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. ஆளுக்கொரு மூலையில் அமர்ந்து, முகமறியாத ஒருவரோடு மூன்று நிமிட ஆட்டங்களை அடுக்கடுக்காக ஆடி முடிப்பதற்குச் செலவாகும் நேரத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஒரு பாடசாலையின் அல்லது ஒரு தோட்டத்தின் சதுரங்க ஆர்வலர்கள் அனைவரும் ஓரணியாகத் திரண்டு, அனுபவமுள்ள ஒரே ஒரு பயிற்றுநரை எதிர்த்து, நாளொன்றுக்கு ஒரு நகர்வு என்ற நிதானத்தில், ஒரு முழு ஆட்டத்தை ஆடிப் பார்க்க வேண்டும் என்பதே அது. சிறிய வேண்டுகோளாகத் தோன்றினாலும், பயிற்றுநர்களும் கணினிகளும் அரிதாகக் கிடைக்கும் மலைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி முறை வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

பலர் கலந்து பேசியோ வாக்களித்தோ தம் நகர்வைத் தீர்மானித்து ஒருவரோடு ஆடும் இவ்வகை ஆட்டம் கலந்தாய்வு ஆட்டம் என்றும், இணையத்தில் வாக்குச் சதுரங்கம் என்றும் வழங்கப்படுகிறது. இதன் வரலாறு நீண்டது. 1858ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் இசைநாடக அரங்கொன்றில், அமெரிக்கரான போல் மோர்ஃபி இரு பிரபுக்களைச் சேர்த்து எதிர்த்து ஆடி, 17 நகர்வுகளில் வென்ற ஆட்டம் இன்றும் தொடக்கநிலை மாணவர்களுக்குப் பாடமாக வைக்கப்படுகிறது. இரண்டு தலைகள் கூடினாலே பலம் இரட்டிப்பாகிவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு பொய்யானது என்பதற்கு அந்த ஆட்டம் சான்று. ஆனால் அதே வடிவம் எவ்வளவு உயரத்துக்குச் செல்லக்கூடும் என்பதைக் காட்டிய ஆட்டம் அதற்கு 141 ஆண்டுகள் கழித்து நடந்தது. மலையக அணிகள் ஊன்றிப் படிக்க வேண்டியது அதைத்தான்.

1999 ஜூன் 21 அன்று, அப்போதைய உலக வாகையர் கேரி காஸ்பரோவ் வெள்ளைக் காய்களுடனும், இணையத்தில் இணைந்த 75க்கும் மேற்பட்ட நாடுகளின் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் கறுப்புக் காய்களுடனும் ஓர் ஆட்டத்தைத் தொடங்கினர். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் நடத்திய அந்த ஆட்டத்தில் இரு தரப்புக்கும் ஒரு நகர்வுக்கு ஒரு நாள் அவகாசம். உலக அணியின் நகர்வு வாக்கெடுப்பால் முடிவாகும். வாக்களிப்போருக்கு வழிகாட்ட நால்வர் அமர்த்தப்பட்டனர்: பிரான்ஸின் எத்தியன் பாக்ரோ, அமெரிக்காவிலிருந்து ஃபுளோரின் ஃபெலக்கன், ஐரினா க்ரஷ், ஜேர்மனியின் எலிசபெத் பேட்ஸ். நால்வரும் இருபது வயதுக்குட்பட்டவர்கள். அவர்களுள் இரு பெண்களின் வயதைக் குறிப்பிட்டுச் சொல்வது தகும்: க்ரஷுக்கு 15, பேட்ஸுக்கு 14. அதாவது சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் ஒரு மலையக மாணவியின் வயது.

அந்த ஆட்டத்தின் பத்தாவது நகர்வை ஒரு பலகையில் காய்களை வைத்துப் பார்ப்பது நல்லது. (சதுரங்கக் குறியீட்டில் நெடுக்கு வரிசைகள் ஏ முதல் எச் வரை எழுத்துகளாலும், குறுக்கு வரிசைகள் 1 முதல் 8 வரை எண்களாலும் குறிக்கப்படும், எழுத்தும் எண்ணும் சேர்ந்ததே ஒரு கட்டத்தின் பெயர்.) காஸ்பரோவ் தம் குதிரையை ஈ2 கட்டத்துக்குப் பின்வாங்கிய வேளையில், கறுப்பின் ராணியை ஈ6 கட்டத்துக்கு நகர்த்தலாம் என்று க்ரஷ் பரிந்துரைத்தார். அதுவரை அறியப்பட்ட ஆட்டங்களில் இடம்பெறாத நகர்வு அது. ஈ4, சி4 ஆகிய இரு கட்டங்களில் நின்ற வெள்ளைக் காலாள்களை அது ஒரே நேரத்தில் குறிவைத்தது. வாக்கெடுப்பில் அந்நகர்வே முதலிடம் பெற்றது. தொடர்ந்து வந்த நகர்வுகளில் கறுப்பு ஒரு கோட்டையை இழந்து, ஈடாக ஒரு குதிரையையும் இரண்டு காலாள்களையும் பெற்றது. உலக வாகையர் பழகிய பாதையை விட்டு விலகி, நான்கு மாதங்கள் தொடர்ச்சியாகச் சிந்திக்க வேண்டியவரானார். தனித்தனியே காஸ்பரோவிடம் முப்பது நகர்வுகள்கூடத் தாக்குப்பிடிக்க இயலாத பல்லாயிரம் பேர், ஒரு பதினைந்து வயது மாணவியின் ஆய்வைப் படித்து, சோதித்து, ஏற்றுக்கொண்டதன் விளைவு அது.

அந்த ஆட்டம் தோல்வியில் முடிந்த விதமும் அதே அளவுக்குக் கவனிக்கத்தக்கது. இரு தரப்பிலும் ராணியும் ஓரிரு காலாள்களுமே எஞ்சியிருந்த இறுதிக்கட்டத்தில், 58ஆவது நகர்வின்போது, தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த தாமதத்தால் க்ரஷின் ஆய்வு வாக்களிப்போரை உரிய நேரத்தில் சென்றடையவில்லை. அவர் விரும்பிய நகர்வுக்குப் பதிலாக வேறொரு நகர்வு வாக்கில் வென்றது. அக்டோபர் 22 அன்று, காஸ்பரோவின் 62ஆவது நகர்வுக்குப் பின் உலக அணி தோல்வியை ஏற்றது. பத்தாவது நகர்வையும் 58ஆவது நகர்வையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்னதில் ஆய்வு வாக்குக்கு முன்பாக வந்து சேர்ந்தது, பின்னதில் வந்து சேரவில்லை என்பதே அடிப்படை வேறுபாடு.

இவ்வடிவம் அதன் பிறகும் கைவிடப்படவில்லை. 2024இல் விஸ்வநாதன் ஆனந்த், செஸ்.கொம் தளத்தில் ஏறத்தாழ எழுபதாயிரம் பேரை எதிர்த்து இவ்வாறே ஆடி வென்றார். 2025 ஏப்ரலில் மெக்னஸ் கார்ல்சன் 143,000க்கும் மேற்பட்டோரை எதிர்த்துத் தொடங்கிய ஆட்டமோ, மே மாதத்தில் 32ஆவது நகர்வில் சமநிலையில் முடிந்தது. அது பின்வரிசைக் காய்களைக் குலுக்கி அடுக்கித் தொடங்கும் வகையைச் சேர்ந்தது. மனப்பாடம் செய்த தொடக்க நகர்வுகள் அதில் எவருக்கும் உதவுவதில்லை.

கூட்டம் எப்போது வெல்கிறது, எப்போது தோற்கிறது என்ற கேள்விக்குப் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே 1785இலேயே ஒரு விடை தந்திருக்கிறார். ஒவ்வொரு வாக்காளரும் தாமாகச் சிந்தித்து, தவறுவதைவிடச் சரியாக இருப்பதற்கே அதிக வாய்ப்புள்ளவராக இருந்தால், கூட்டம் பெருகப் பெருகப் பெரும்பான்மையின் முடிவு சரியாக அமையும் வாய்ப்பு கூடும். ஒவ்வொருவரும் சரியாக இருப்பதைவிடத் தவறுவதற்கே அதிக வாய்ப்புள்ளவராக இருந்தால், கூட்டம் பெருகப் பெருகத் தவறே உறுதிப்படும். சதுரங்கத்தில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் சேர்கிறது. நல்ல நகர்வுகள் மூன்று இருக்கும் நிலையில் நன்கு சிந்தித்தவர்களின் வாக்குகள் மூன்றாகப் பிரிய, சிந்திக்காதவர்கள் அனைவரும் கண்ணில் முதலில் பட்ட ஒரு நகர்வுக்கு வாக்களித்தால், அந்த நான்காவது நகர்வே வென்றுவிடும். ஆகவே முப்பது பேர் கொண்ட ஓர் அணி முப்பது வாக்குகளை எண்ணுவதோடு நின்றுவிட்டால், அது அந்த அணியின் சராசரி ஆட்டக்காரரைவிட உயர்ந்து ஆடும் என்று எதிர்பார்க்க முடியாது.

அனுபவமுள்ள பயிற்றுநர் இதை நன்கு அறிவார். எதிரியின் காயைச் சில நகர்வுகளுக்குள் கைப்பற்றும் உத்திகளைக் காண்பதில் கூட்டம் வலியது. முப்பது பேரில் ஒருவர் கண்ணிலாவது அது பட்டுவிடும். ஆனால் பத்து நகர்வுகளுக்கு நீளும் ஒரு திட்டத்தைக் கட்டிக்காப்பதில் கூட்டம் பலவீனமானது. திங்களன்று ராஜாவின் பக்கம் தாக்குதலைத் தொடங்க வாக்களித்த அணி, புதனன்று வேறு சிலர் அதிகமாக வாக்களித்ததால் ராணியின் பக்கம் காலாளைத் தள்ளும். இரண்டு நகர்வுகளும் தனித்தனியே குறையற்றவையாக இருக்கலாம், சேர்ந்தால் பயனற்றவை. எனவே தேர்ந்த பயிற்றுநர் பரபரப்பான மோதல்களைத் தவிர்த்து, அமைதியான, நீண்ட திட்டமிடலைக் கோரும் நிலைகளுக்கு ஆட்டத்தைக் கொண்டுசெல்வார். அணியின் முன்னுள்ள பணி நகர்வுக்கு வாக்களிப்பதன்று, திட்டத்துக்கு வாக்களிப்பதே. ஐந்தாறு நகர்வுகளுக்கு ஒருமுறை கூடி, “இப்போது நோக்கம் என்ன” என்ற கேள்விக்கு எழுத்தில் விடை கண்டு, அடுத்த கூட்டம் வரை வரும் ஒவ்வொரு நகர்வையும் அந்த விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அணி, தன்னைவிட மிக வலிய பயிற்றுநருக்கும் சிரமம் கொடுக்கும்.

இவ்வடிவத்தில் இன்னொரு நன்மை உண்டு. அது சதுரங்கத்தைக் கடந்தது. மலையகத்து வகுப்பறைகளில் “சேர் சொன்னார்” என்ற சொற்களோடு பெரும்பாலான விவாதங்கள் முடிந்துவிடுகின்றன. ஆசிரியர் மீதுள்ள மதிப்பு போற்றத்தக்கது. தோட்டத்துப் பிள்ளைகளின் வாழ்வில் ஆசிரியர்கள் ஆற்றிய பங்கை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படும் இடத்தில் சிந்தனை வளர்வது கடினம். பயிற்றுநர் பாடம் நடத்தும்போது எட்டாந்தர மாணவி ஒருத்தி எழுந்து “சேர், அது பிழை” என்று சொல்லத் தயங்குவாள். அதே பயிற்றுநர் எதிர்ப்பக்கத்தில் அமர்ந்து ஆடும்போது, அவருடைய பிழையைக் கண்டுபிடிப்பதே அவளுடைய கடமையாகிறது. அவர் அடுத்த நகர்வில் தம் குதிரையை இழக்கும்போது அவளுடைய மறுப்பு எந்த மரியாதைக் குறைவுமின்றி நிரூபணமாகிறது. பாடம் சொல்லும் பயிற்றுநரைவிட எதிர்த்து ஆடும் பயிற்றுநரே இந்த வயதினருக்கு அதிகம் கற்பிக்கிறார் என்று துணிந்து சொல்லலாம். அணிக்குள் பேசும் முறையிலும் இதே கருத்து பின்பற்றப்பட வேண்டும்: அணியின் மிக வலிய ஆட்டக்காரர் இறுதியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அவரையே வழிமொழிவார்கள். அப்போது முப்பது பேர் கொண்ட அணி ஒருவர் கொண்ட அணியாகச் சுருங்கிவிடும்.

இனி, மலைநாட்டின் நடைமுறை நிலை. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டு, கல்வி கைப்பேசிக்கு மாறியபோது, தேயிலை மலைகளின் உச்சிக்கும் பாறைகளின் மேலும் ஏறி நின்று சிக்னல் தேடிய பிள்ளைகளின் படங்களை நாடு பார்த்தது. ஒரு வீட்டில் ஒரு கைப்பேசி, அதுவும் பெற்றோர் வேலை முடித்துத் திரும்பிய பின்னரே பிள்ளைகளின் கைக்கு வருவது, மழைக்காலத்தில் மின்சாரமும் இணைப்பும் ஒருசேர அறுந்துபோவது ஆகியவை பல லயன் வீடுகளில் இன்றும் மாறவில்லை. இந்நிலையில் மூன்று நிமிட ஆட்டம் ஆடுபவர், காய்களால் அல்ல, இணைப்பால் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம். இது மலையகத்துக்கு மட்டும் உரிய துன்பமன்று. 2020 ஆகஸ்ட் 30 அன்று நடந்த முதலாவது இணையவழிச் சதுரங்க ஒலிம்பியாட் இறுதிப் போட்டியில், இந்திய அணியின் நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகிய இருவரும் இணைப்பு அறுந்து நேரத்தால் தோற்றனர். சர்வதேச சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே, இறுதியில் இந்தியாவையும் ரஷ்யாவையும் கூட்டு வாகையராக அறிவித்தது. உலகின் தலைசிறந்த அணிகளுக்கு ஏற்பட்ட குறையை ஒரு சம்மேளனம் தீர்த்து வைக்கலாம். தோட்டத்துப் பிள்ளையின் அறுந்த ஆட்டத்தை மீட்டுத் தர எவருமில்லை.

நாளொன்றுக்கு ஒரு நகர்வு என்ற விதி இந்தக் குறையை ஏறத்தாழ இல்லாமலாக்கிவிடுகிறது. ஒரு நகர்வு என்பது ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட இரு கட்டங்களின் பெயர் மட்டுமே; டேட்டா தீர்ந்திருந்தாலும் ஒரு குறுஞ்செய்தியில் அது போய்ச் சேரும். அணிக்கு முப்பது கைப்பேசிகள் தேவையில்லை, ஒன்று போதும். பயிற்றுநரின் நகர்வு மாலையில் வந்தால், இரவில் அவரவர் வீட்டில் பலகையிலோ தாளில் வரைந்த கட்டங்களிலோ வைத்துப் பார்த்து, மறுநாள் பாடசாலை இடைவேளையில் கூடிப் பேசி, பாடசாலை விட்டதும் பதில் நகர்வை அனுப்பிவிடலாம். செஸ்.கொம் தளத்தில் குழுக்கள் வாக்களித்து ஆடும் வசதி இருக்கிறது. கட்டணமும் விளம்பரமும் இல்லாத லீசெஸ் தளத்தில் ஒரு நகர்வுக்குப் பல நாட்கள் அவகாசம் தரும் ஆட்டத்தை அணியின் பெயரில் ஒரு கணக்கால் ஆட முடியும்.

நிதானமான ஆட்டம் தரம் குறைந்தது என்று எண்ணுவோர், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ சதுரங்கக் கழகமும் லண்டன் சதுரங்கக் கழகமும் 1824 முதல் 1828 வரை கடித வழியாக ஆடிய போட்டியை நினைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு நகர்வும் தபால் வண்டியில் பயணம் செய்த அப்போட்டியில் எடின்பரோ அணி வென்றது; சதுரங்கத் தொடக்க முறைகளுள் ஒன்று ஸ்கொட்ச் ஆட்டம் என்று இன்றும் அழைக்கப்படுவது அதன் காரணமாகவே. 1867இல் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராகப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரரே. அந்நாட்டு ஊர்ப் பெயர்கள் மலையகத் தோட்டங்கள் பலவற்றின் பெயர்ப் பலகைகளில் இன்னும் இருக்கின்றன. பெயர்கள் வந்து சேர்ந்த அளவுக்கு அந்நாட்டின் நூலகங்களும் கழகங்களும் லயங்களுக்கு வந்து சேரவில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது.

எச்சரிக்கை ஒன்றும் தேவை. இன்று சாதாரணக் கைப்பேசியில் இயங்கும் சதுரங்க எந்திரம், அதாவது நகர்வுகளைக் கணித்துச் சிறந்ததைக் காட்டும் மென்பொருள், உலக வாகையரையும் வெல்லக்கூடியது. அணியில் ஒருவர் இரகசியமாக அதைக் கேட்டு வந்து “இதுதான் சரியான நகர்வு” என்று கூறினால், அந்த நொடியிலேயே மற்ற இருபத்தொன்பது பேரின் உழைப்பும் வீணாகிவிடும். இணையத் தளங்களின் விதிகளும் இதைத் தடை செய்கின்றன. தொடக்க நகர்வுகள் பற்றிய நூல்களைப் பார்ப்பதற்கு நாட்கணக்கில் நீளும் ஆட்டங்களில் அனுமதி உண்டு, எந்திரத்துக்கு இல்லை. ஆட்டம் முடிந்த பின், பயிற்றுநரோடு அமர்ந்து, எழுதி வைத்த குறிப்புகளை எந்திரத்தின் மதிப்பீட்டோடு ஒப்பிடுவதே அதைப் பயன்படுத்தும் நேர்மையான வழி.

பயிற்றுநரை எங்கே தேடுவது என்பது நியாயமான கேள்வி. கடல் கடந்து சென்னையிலும் தேடலாம். 1972இல் சென்னையின் சோவியத் கலாசார நிலையத்தில், இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மனுவேல் ஆரோன் முன்னின்று தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில், சிறுவன் ஆனந்த் தன்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்களோடு ஆடி வளர்ந்தார். பின்னாளில், கிராண்ட்மாஸ்டர் ஆர்.பி. ரமேஷும் அவருடைய துணைவியார் ஆர்த்தி ராமசாமியும் சென்னையில் 2008இல் தொடங்கிய செஸ் குருகுலத்தில் பயின்ற பிரக்ஞானந்தா, 2022 பெப்ரவரியில், தமது பதினாறாவது வயதில், இணையவழிப் போட்டியொன்றில் கார்ல்சனை வென்றார். (கிராண்ட்மாஸ்டர் என்பது ஃபிடே வழங்கும் மிக உயர்ந்த பட்டம்.) ஹட்டனுக்கும் சென்னைக்கும் இடையே கடல் இருக்கிறது, ஆனால் நாளொன்றுக்கு ஒரு நகர்வு ஆடுவதற்கு அந்தக் கடல் தடையன்று. பயிற்றுநருக்கு ஆகும் செலவு நாளுக்குப் பத்து நிமிடம். கொழும்பிலோ கண்டியிலோ யாழ்ப்பாணத்திலோ, பல்கலைக்கழக அணியில் ஆடிய ஒரு மலையகப் பட்டதாரிகூட இதற்குப் போதும். அவர் கிராண்ட்மாஸ்டராக இருக்க வேண்டியதில்லை. அணியின் ஒவ்வொருவரைவிடவும் தெளிவாக வலியவராகவும், தோற்றால் மகிழ்பவராகவும் இருந்தால் போதும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் எதிர்கால ஆசிரியர்களுள் சதுரங்கம் அறிந்தோர் இப்பணியைத் தம் பயிற்சிக் காலத்திலேயே தொடங்கினால், அவர்கள் நியமனம் பெற்றுச் செல்லும் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு பயிற்றுநர் கிடைத்துவிடுவார்.

அணியின் பதிவேடு பற்றி ஒரு சொல். ஒவ்வொரு நாளும் முன்மொழியப்பட்ட நகர்வுகள், அவற்றை முன்மொழிந்தவர் பெயர், காரணம், எதிர்ப்பு, இறுதி முடிவு ஆகியவற்றை ஒரு சாதாரண சீ.ஆர். கொப்பியில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். வாக்கில் தோற்ற நகர்வுகளும் அதில் இடம்பெற வேண்டும், ஏனெனில் ஆட்டம் முடிந்த பின் சரியானவை என்று தெரியவரும் நகர்வுகளுள் சில அவற்றிலிருந்தே கிடைக்கும். இக்கொப்பியைப் பேணும் பொறுப்பு மாணவியரிடம் மட்டும் ஒப்படைக்கப்பட்டு, நகர்வைத் தீர்மானிக்கும் பேச்சு மாணவர்களிடம் விடப்படும் வழக்கம் எந்த அணியிலும் தலைதூக்கக் கூடாது. 1999இல் உலக அணியின் மிகச் சிறந்த நகர்வை முன்மொழிந்தவர் ஒரு மாணவி.

எனவே, அடுத்த தவணை தொடங்கும் முதல் வாரத்தில், ஒவ்வொரு அணியும் ஒரு பயிற்றுநரின் பெயரைத் தீர்மானித்து, அவருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதி, வெள்ளைக் காய்களை அவருக்கே கொடுத்து, முதல் நகர்வை அனுப்பும்படி கேட்க வேண்டும் என்று மலையகத்துச் சதுரங்க மாணவ மாணவியர் அனைவரும் அன்புடன் வேண்டிக்கொள்ளப்படுகின்றனர். அக்கடிதம் கிடைக்கப்பெறும் பயிற்றுநர்கள் மறுக்காமல் ஆட வேண்டும். ஆட்டம் முடியும்வரை கைவிடாமலும் ஆட வேண்டும்.